பொன்னியின் செல்வனைக் கூடி வாசித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசகர் வட்டம் கிளை நூலகம் ஒன்றில் கூடுகிறது. சிறுகதைகளும் சிறு நாவல்களும் ஒருபுறமிருக்க, பெரிய நாவல் ஒன்றைப் பல மாதங்களுக்குப் பகிர்ந்து பலராகச் சேர்ந்து வாசிப்பதும் எங்கள் வழக்கம். அவ்வாறு வாசிக்க மீண்டும் மீண்டும் கேட்கப்படுவது கல்கியின் சோழர் கால வரலாற்று நாவலான ‘பொன்னியின் செல்வன்’. புதிதாகச் சேர்பவர்களும், தங்கள் ஊரில் இதைத் தொடங்க நினைப்பவர்களும் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

1. கூட்டு வாசிப்பு என்றால் எல்லோரும் ஓரிடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பதா?

இல்லை. ஒரே புத்தகத்தின் ஒரே பகுதியை, குறித்த நாளுக்குள், அவரவர் வீட்டில் அவரவர் வேகத்தில் வாசித்துவிட்டு, பிறகு கூடிப் பேசுவதையே அப்படிச் சொல்கிறோம். கூடும்போது ஒருவர் ஒன்றிரண்டு பத்திகளை வாய்விட்டு வாசிப்பது உண்டு. பேச்சு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதைக் காட்டுவதற்கே அது.

வாசிப்பு தனியாகவும் பேச்சு கூட்டாகவும் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நாங்கள் விட்டுக்கொடுக்காத விதி. கூட்டத்துக்கு வந்து கேட்டுக்கொள்ளலாம் என்று வாசிக்காமல் வருபவர் பிறருடைய கருத்தைத் தம்முடைய கருத்தாக எடுத்துச் செல்வார். அதற்குச் சொற்பொழிவு போதுமானது. வாசிப்பு வட்டம் தேவையில்லை.

2. எத்தனை பேர் வேண்டும்? எங்கே கூடுவது?

நான்கு பேர் போதும். பன்னிரண்டைத் தாண்டினால் ஒரு மாலைப் பொழுதில் எல்லோரும் பேசி முடிக்க இயலாது; அப்போது இரண்டு குழுவாகப் பிரிந்துகொள்வது நல்லது. தமிழ்நாட்டின் நூலகங்கள் பலவற்றில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு ஏற்கெனவே உள்ளது. நூலகரிடம் முன்கூட்டியே சொன்னால் இடம் கிடைக்க வாய்ப்புண்டு. வீட்டில் கூடுவதில் பிழையில்லை, ஆனால் விருந்தோம்பும் பொறுப்பு ஒரே வீட்டின் மேல் விழாமல் மாற்றிக்கொள்ள வேண்டும்.

3. எடுத்த எடுப்பிலேயே பொன்னியின் செல்வனை எடுக்கலாமா? ஐந்து பாகத்தைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

குழுவில் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் புதியவர்கள் என்றால் எடுக்க வேண்டாம். முதல் சில கூட்டங்களைச் சிறுகதைகளுக்கு ஒதுக்குங்கள். புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ நான்கைந்து பக்கங்களில் முடிந்துவிடும். ஆனால் அதன் கடைசி வரிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஒரு மாலை போதாது. யார் நிறைய பேசுகிறார், யார் கேட்டால்தான் பேசுகிறார், யார் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிறார் என்பதெல்லாம் அத்தகைய இரண்டு மூன்று கூட்டங்களில் தெரிந்துவிடும். ஓராண்டு சேர்ந்து பயணம் செய்வதற்கு முன் அது தெரிந்திருப்பது நல்லது.

நாவலின் அளவைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. அது ஒரே மூச்சில் வாசிப்பதற்காக எழுதப்பட்டதன்று. 1950 அக்டோபரில் ‘கல்கி’ வார இதழில் தொடங்கி 1954 வரை, ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகள் தொடராக வந்தது. மொத்தம் 293 அத்தியாயங்கள். அந்த வாரங்களுக்குப் பகிர்ந்தால் வாரத்துக்குச் சராசரியாக இரண்டுகூட வராது. முதல் வாசகர்கள் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் வாசித்தார்கள், அடுத்து என்ன நடக்கும் என்று வீட்டிலும் அலுவலகத்திலும் பேசினார்கள், மணியம் வரைந்த ஓவியங்களைப் பார்த்தார்கள், அடுத்த இதழுக்குக் காத்திருந்தார்கள். கூட்டு வாசிப்பை நாம் புதிதாக இதன் மேல் ஏற்றவில்லை. நாவல் பிறந்த முறையே அதுதான். இரண்டே நாளில் முடித்தேன் என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்து நான் பொறாமைப்படுவதில்லை.

4. சரி, ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்றால் எப்படிப் பிரிப்பது?

வாரத்துக்கு ஏழு அத்தியாயம், நாளுக்கு ஒன்று என்பதே நாங்கள் கண்டுகொண்ட நல்ல அளவு. முதல் பாகமான ‘புது வெள்ள’த்தில் 57 அத்தியாயங்கள் உள்ளன, ஒரு வாரம் மட்டும் எட்டாக வாசித்தால் எட்டு வாரத்தில் முடியும். ‘சுழற்காற்று’ 53 அத்தியாயங்கள் என்பதால் அதற்கும் எட்டு வாரம். ‘கொலை வாள்’, ‘மணிமகுடம்’ இரண்டிலும் தலா 46. ஒவ்வொன்றுக்கும் ஏழு வாரம். ‘தியாகச் சிகர’த்தில் 91 அத்தியாயங்கள் இருந்தாலும் அது சரியாகப் பதின்மூன்று வாரத்தில் அடங்கிவிடும். ஆக 43 வாரம். ஒவ்வொரு பாகம் முடிந்ததும் அடுத்ததைத் தொடங்கும் முன் ஒரு வாரம் வாசிப்பின்றி விட்டால் 47 வாரம்.

அந்த இடைவெளி வாரங்களைச் சோம்பல் என்று கருதி நீக்கிவிட வேண்டாம். பின்தங்கியவர்கள் சேர்ந்துகொள்வதற்கும், முடிந்த பாகத்தைப் பற்றி ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதுவதற்கும் அந்த நாட்கள்தாம் உதவுகின்றன. கூட்டத்தை வாரந்தோறும் வைப்பது பெரும்பாலானவர்களுக்கு இயலாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதாவது பதினான்கு அத்தியாயத்துக்கு ஒரு முறை என்று வைத்தால் பேசுவதற்குப் பொருளும் சேர்ந்திருக்கும்.

எப்போது தொடங்குவது என்பதற்கு நாவலே ஒரு நாளைத் தந்திருக்கிறது. முதல் அத்தியாயம் ‘ஆடித்திருநாள்’. நாவலின் நாயகன் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரை மீது வருவது ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று. அன்று தொடங்கினால் மேற்சொன்ன கணக்குப்படி அடுத்த ஆனி நடுவில் முடித்துவிடலாம்.

5. ஆளுக்கொரு பதிப்பு வைத்திருக்கிறோம். பக்க எண் சொன்னால் யாருக்கும் ஒத்துவரவில்லை.

கல்கியின் படைப்புகள் 1999இல் நாட்டுடைமையாக்கப்பட்டதால் பல பதிப்பகங்கள் இந்நாவலை வெளியிட்டுள்ளன. எழுத்தின் அளவும் தாளின் அளவும் வேறுபடும்போது பக்க எண் ஒத்துவராது. ஆகவே எப்போதும் பாகத்தின் பெயரையும் அத்தியாய எண்ணையும் சொல்லுங்கள்: ‘சுழற்காற்று’, ஒன்றாம் அத்தியாயம், ‘பூங்குழலி’ என்றால் எந்தப் பதிப்பிலும் அது அங்கேயே இருக்கும். வாங்கும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். சுருக்கப் பதிப்புகளும் சிறுவர் பதிப்புகளும் விற்பனையில் உள்ளன. அத்தியாயங்களின் எண்ணிக்கை கேள்வி 4இல் சொன்னதோடு பொருந்தாவிட்டால் அது முழு நூலன்று.

6. படம் இரண்டு பாகமும் பார்த்துவிட்டேன். இனி வாசித்து என்ன ஆகப்போகிறது?

2022இலும் 2023இலும் வந்த திரைப்படங்கள் ஏறக்குறைய ஐந்தரை மணி நேரத்துக்குள் கதையைச் சொல்ல வேண்டியிருந்ததால் பலவற்றை விட்டன, சிலவற்றை மாற்றின, குறிப்பாக இறுதிப் பகுதியை. எனவே கதை தெரிந்துவிட்டது என்று நினைத்து வருபவர்கள் ஐந்தாம் பாகத்தில் எங்களைவிட அதிகமாக வியக்கிறார்கள். கூட்டத்தில் நாங்கள் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: நாவலில் ஒரு பாத்திரத்தைப் பற்றிப் பேசும்போது நடிகரின் பெயரைச் சொல்லிப் பேச வேண்டாம். வாசகரின் மனத்தில் உருவாகிக்கொண்டிருக்கும் முகத்தை அது அழித்துவிடுகிறது.

7. மூன்று வாரம் பின்தங்கிவிட்டேன். விட்ட இடத்திலிருந்து ஓடிப் பிடிப்பதா, தாண்டி வந்து சேர்ந்துகொள்வதா?

தாண்ட வேண்டாம், இந்நாவலில் ஒரு பாகத்தில் போட்ட முடிச்சு வேறொரு பாகத்தில்தான் அவிழ்கிறது. அடுத்த இடைவெளி வாரம் எப்போது என்று பாருங்கள். அதற்குள் நாளுக்கு இரண்டு அத்தியாயம் வீதம் வாசித்துச் சேர முடியுமானால் சேருங்கள். முடியாதென்றால் உங்கள் வேகத்திலேயே தொடர்ந்து, கூட்டத்துக்கும் வாருங்கள். நீங்கள் வாசிக்காத பகுதி பேசப்படும்போது எழுந்து செல்வதா, தெரிந்தால் பரவாயில்லை என்று இருப்பதா என்பது உங்கள் விருப்பம். உங்களுக்காகக் குழு தன் வேகத்தைக் குறைக்காது. இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் ஒருமுறை நிறுத்தினால், முறையாக வாசித்து வந்தவர்கள்தாம் முதலில் ஆர்வம் இழக்கிறார்கள்.

8. எனக்கு விமர்சனம் எழுத வராது. கதைச் சுருக்கம் எழுதினால் போதாதா?

போதாது. குழுவில் எல்லோரும் அதே பகுதியை வாசித்திருக்கும்போது சுருக்கம் யாருக்கும் புதிதாக எதையும் சொல்லாது. அதே நேரத்தில் விமர்சனம் என்பதை ஏதோ பேராசிரியர்களின் வேலை என்று எண்ணவும் தேவையில்லை. ‘விறுவிறுப்பாக இருந்தது’ என்று எழுதத் தோன்றினால், எந்த இடத்தில், எதனால் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதிப் பாருங்கள். விமர்சனம் அங்கேயே தொடங்கிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. முதல் பாகத்தில், கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் நடக்கும் ஆலோசனையை வந்தியத்தேவன் மறைந்திருந்து அறிந்துகொள்கிறான். நாவல் முழுவதும் இவ்வாறு ஒளிந்திருந்து கேட்பதும் தற்செயலாகச் சந்திப்பதும் பலமுறை வருகின்றன. ஒருவர் இதைக் குறையாக எழுதலாம்: இவ்வளவு பெரிய சோழ நாட்டில் வேண்டியவர்கள் வேண்டிய நேரத்தில் வேண்டிய மரத்தடிக்கு வந்து நிற்கிறார்கள் என்று. இன்னொருவர், வாரந்தோறும் வந்த தொடரில் வாசகரைப் பிடித்து நிறுத்துவதற்கு இது தேவைப்பட்டது, அதோடு யாரும் யாரையும் நம்பாத ஓர் அரசியல் சூழலை இது காட்டுகிறது என்று எழுதலாம். இரண்டுமே நல்ல விமர்சனங்கள், ஏனெனில் இரண்டும் நூலில் உள்ள ஒன்றைச் சுட்டி அதைப் பற்றிப் பேசுகின்றன. என்னைக் கேட்டால் முதலாமவர் பக்கம் சற்றுச் சாய்வேன்; ஆனால் இடையிடையே வைணவனான ஆழ்வார்க்கடியான் என்ற பாத்திரம் வந்து நிற்கும்போது அந்தக் குறையை மறந்துவிடுகிறேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

எழுதுவதைக் கூட்டத்துக்கு முன்பே எழுதிவிடுங்கள், ஐந்தாறு வரியாக இருந்தாலும் சரி. கேட்ட பிறகு எழுதினால், நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவரின் கருத்தே எல்லாக் குறிப்பேடுகளிலும் வந்து உட்கார்ந்துவிடும்.

9. விமர்சனத்தில் முடிவைச் சொல்லலாமா?

குழுவுக்குள் எழுதும்போது, அந்த வாரம் வரை வாசித்த பகுதியைப் பற்றி எதையும் சொல்லலாம். அதைத் தாண்டி ஒரு சொல்லும் கூடாது. முன்பே வாசித்தவர்களுக்கு இது பெரிய சோதனை. ‘இவரைப் பற்றிப் பிறகு தெரியும் பாருங்கள்’ என்று புன்னகையோடு சொல்வதும் முடிவைச் சொல்வதுதான்.

வெளியாருக்காக எழுதும்போது, நூலில் திடுக்கிட வைப்பதற்காக மறைத்து வைக்கப்பட்டவற்றை மறைத்தே வையுங்கள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டான் என்பது வரலாற்றுச் செய்தி. அதைச் சொல்வதால் வாசகருக்கு இழப்பில்லை, கல்கியும் அந்த அச்சத்தைத் தொடக்கத்திலிருந்தே நம்முள் வளர்க்கிறார். ஆனால் அந்த இரவு நாவலில் எவ்வாறு அமைகிறது, யார் யார் அங்கே இருந்தார்கள் என்பதைச் சொன்னால் இழப்பு.

10. வரலாறு படித்த ஒருவர் குழுவில் இருக்கிறார். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ‘இது நடக்கவே இல்லை’ என்கிறார். கூட்டமே சண்டையாகிவிடுகிறது.

அவரை வெளியேற்ற வேண்டாம். அவருக்கு ஒரு பணி கொடுங்கள். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் அரைமணி நேரம் அவர் பேசட்டும், இடையில் குறுக்கிடாமல் இருக்கட்டும். நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறும் சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் வரலாறு’ம் அந்த அரைமணிக்கு உதவும்.

அவர் சொல்வதற்கு நிறையவே உண்டு. சுந்தர சோழர், குந்தவை, அருண்மொழிவர்மன் (பின்னாளில் முதலாம் இராசராசன்), செம்பியன் மாதேவி, பழுவேட்டரையர்கள் ஆகியோர் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் இருப்பவர்கள். வந்தியத்தேவனின் பெயர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவர் என்ற அளவில் வருகிறது. நாவலில் நாம் காணும் துடுக்கான இளைஞன் முழுக்கக் கல்கி படைத்தவன். நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் ஆகியோர் கற்பனைப் பாத்திரங்கள். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிலில், முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உள்ளது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக ரவிதாசன், சோமன், பரமேசுவரன் முதலியோரைப் பெயர் சொல்லி, அவர்களுடைய உறவினரின் நிலங்கள் பறிமுதல் செய்யப்பட்டதை அது குறிப்பிடுகிறது. யார் தூண்டினார்கள் என்று அது சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குள்தான் கல்கி ஐந்து பாகங்களைக் கட்டியிருக்கிறார். மதுராந்தகர் விஷயத்தில் அவர் எடுத்துக்கொண்ட உரிமை இன்னும் பெரியது. ஆனால் கேள்வி 9இல் நானே போட்ட விதி அதை இங்கே விளக்கத் தடுக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, ‘நடந்ததா’ என்ற கேள்வியால் நாவலின் தரத்தை அளக்க முடியாது என்பதையும் அந்த நண்பரிடம் சொல்லிவிடலாம். அதே அளவுக்கு, நாவலை வாசித்துவிட்டுச் சோழர் வரலாறு முழுவதும் தெரியும் என்று பேசுபவரிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

11. கதை நடக்கும் இடங்களைப் பார்க்கப் போகலாமா?

தாராளமாக. முதல் பாகம் முடிந்ததும் போவது நல்லது. வீரநாராயண ஏரிதான் இன்றைய வீராணம்; அதன் அருகிலேயே மேற்சொன்ன உடையார்குடிக் கோயிலும் இருப்பதால், நாவல் தொடங்கும் இடத்தையும் நாவலுக்குக் காரணமான கொலையைப் பேசும் கல்லையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஏரிக்கு நீர் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வருகிறது. கோடையில் சென்று, முதல் அத்தியாயத்தில் படித்த அலைகளைத் தேடி ஏமாற வேண்டாம். அரியலூர் மாவட்டத்தின் பழுவூர், கும்பகோணத்தை அடுத்த பழையாறை, கோடிக்கரை ஆகியவை இதற்குப் பின் வரும் பயணங்களுக்கு உரியவை.

12. ஒலிப்புத்தகம் கேட்டால் வாசித்த கணக்கில் சேருமா?

சேரும். நாடகமாகச் சுருக்காமல் முழுப் பாடத்தையும் வாசிக்கும் பதிவாக இருக்க வேண்டும். எழுதும்போது மேற்கோளை அச்சு நூலில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

13. ஒரு வருடம் ஒரே நாவல் என்றால் என்னுடைய வருட இலக்கு என்னாவது? ஐம்பது புத்தகம் என்று வைத்திருந்தேன்.

நாளுக்கு ஓர் அத்தியாயம் என்பது பெரும்பாலானவர்களுக்கு அரைமணி நேரத்துக்கும் குறைவான வேலை. மீதி நேரத்தில் நீங்கள் விரும்பியதை வாசிக்கத் தடையில்லை. எண்ணிக்கை இலக்கு குறித்து எனக்கு நல்ல கருத்து இல்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. அது மெலிந்த நூல்களையே கை தேட வைக்கிறது. இலக்கு வேண்டுமானால், வாசித்தவற்றில் எத்தனை நூலைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

14. எல்லோருக்கும் பிடிஎஃப் அனுப்பிவிட்டால் செலவு மிச்சம்தானே?

இந்த நாவலைப் பொறுத்தவரை மூலப் பாடத்தைப் பகிர்வதில் தடையில்லை. கேள்வி 5இல் சொன்ன நாட்டுடைமையே காரணம். 1998இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் இதன் மின்னூல் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் ஒரு பதிப்பகம் தன் பதிப்புக்கென எழுதி வாங்கிய முன்னுரை, குறிப்புகள், புதிதாக வரையச்செய்த ஓவியங்கள் ஆகியவற்றுக்கு உரிமை தனியே உண்டு. அதனால் அந்தப் பதிப்பை அப்படியே படியெடுத்து அனுப்புவது வேறு விஷயம். மொழிபெயர்ப்புகளுக்கும் இதுவே பொருந்தும்.

பிற நூல்களுக்கு, இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து மேலும் அறுபது ஆண்டுகள் கழியும் வரை உரிமை நீடிக்கும். விமர்சனத்துக்காக நியாயமான அளவில் மேற்கோள் காட்டவும், கூட்டத்தில் ஒரு பகுதியை வாய்விட்டு வாசிக்கவும் அந்தச் சட்டமே இடம் தருகிறது. முழு நூலைப் பத்துப் பேருக்கு அனுப்ப இடம் தரவில்லை. செலவுதான் தடை என்றால் நூலகப் பிரதிகளை முறை வைத்து வாசியுங்கள்.

15. உள்ளூர் எழுத்தாளர் ஒருவர் எங்கள் வட்டத்திலேயே இருக்கிறார். அவருடைய புத்தகத்தை எடுத்தால் உண்மையாகப் பேச முடியுமா?

அவர் அந்தக் கூட்டத்துக்கு மட்டும் வராமல் இருக்க ஒப்புக்கொண்டால் முடியும். எழுதிய குறிப்புகளைப் பிறகு அவரிடம் கொடுங்கள். அவர் எதிரிலேயே பேசித்தான் ஆக வேண்டும் என்றால் கேள்வி 8இல் சொன்ன முறையைக் கடைப்பிடியுங்கள். ‘நடை சரியில்லை’ என்பது புண்படுத்தும், ‘மூன்றாம் அத்தியாயத்தில் இந்த உரையாடல் யாருடையது என்று எனக்குப் புரியவில்லை’ என்பது உதவும். பாராட்டு மட்டுமே சொல்ல முடியும் என்ற நிலை இருந்தால் அந்த நூலை எடுக்காதிருப்பதே அவருக்கும் மரியாதை.

16. ஐந்து பாகமும் முடிந்துவிட்டது. ஆனால் நிறைய பேர் என்ன ஆனார்கள் என்றே தெரியவில்லை. அடுத்து என்ன செய்வது?

முடிவுரையை வாசித்தீர்களா என்று முதலில் பாருங்கள். கடைசி அத்தியாயமான ‘மலர் உதிர்ந்தது’ முடிந்ததும் பலர் நூலை மூடிவிடுகிறார்கள். தொடரை வாசித்தவர்கள் அன்றே இதே கேள்வியைக் கேட்டதால், பாத்திரங்களின் பிற்கால வாழ்வைப் பற்றிக் கல்கி அதில் விடை சொல்லியிருக்கிறார். கடைசிக் கூட்டத்தை அந்த முடிவுரைக்காகவே வைக்கலாம்: அவர் சொன்ன விடைகளில் எது நிறைவு தருகிறது, எதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம் என்று பேசுங்கள்.

உடனே இன்னொரு பெரிய நாவலை எடுக்க வேண்டாம். இரண்டு மாதமாவது மிகச் சிறியவற்றை வாசியுங்கள், வரலாற்றோடு தொடர்பில்லாதவையாக இருந்தால் இன்னும் நல்லது. அடுத்த பெரிய நூலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை, இந்த முறை நடுவில் பின்தங்கி, பிறகு வந்து சேர்ந்து முடித்தவரிடம் கொடுப்பது எங்கள் வட்டத்தின் வழக்கம்.